இயல் 6: அவசர அழைப்பும் போன் பேட்டரியும்

உங்கள் போனில் 4 சதவீதம் சார்ஜ் இருக்கிறது. பக்கத்து மெஷினில் வேலை செய்பவர் மயங்கி விழுகிறார். 108-ஐ அழைத்தால் பாதியிலேயே போன் அணைந்துவிடுமோ என்ற தயக்கம் அந்த நேரத்தில் பலருக்கும் வரும். சார்ஜ் உள்ள போன் யாரிடம் இருக்கிறது என்று தேடுவார்கள், கேட் வரை ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் போவது விழுந்தவரின் நேரம். ஆகவே இந்த இயலின் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 4 சதவீதம் போதும். உடனே அழையுங்கள்.

அவசர அழைப்பு எடுத்துக்கொள்ளும் சார்ஜ் மிகச் சிறிது. அழைப்புக்கு முன்பு சிக்னல் தேடியே போன் கழித்த மணிநேரங்களும், அழைப்புக்குப் பின்பு வரும் லொகேஷன் பகிர்வு, வீடியோ, டார்ச், உறவினர்களின் அழைப்புகள் ஆகியவையும்தான் பேட்டரியைத் தீர்க்கின்றன. அழைப்பின் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். மற்றவற்றைக் கட்டுப்படுத்த நம்மால் முடியும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர், திருமழிசை ஆகிய தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சிக்னலை மறைக்கும் தகரக் கூரை, பேட்டரியைக் கெடுக்கும் ஃபர்னஸ் சூடு, நீண்ட ஷிப்ட், மழைக்காலத்தில் நாள்கணக்கில் நீளும் மின்வெட்டு, கூப்பிடு தூரத்தில் ஆந்திர எல்லை என்று போனின் சார்ஜைக் குறைக்கும் காரணங்கள் இந்த வட்டாரத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

அழைப்புக்கு எவ்வளவு சார்ஜ் செலவாகும்?

இன்று பரவலாக விற்கும் ஸ்மார்ட்போன்களில் 5,000 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது. 3.85 வோல்ட் கணக்கில் அதில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட்-மணி. சிக்னல் மோசமான இடத்திலிருந்து பேசும்போது போன் முழுவதற்குமாக 2 வாட் செலவாகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 5 நிமிடப் பேச்சுக்கு 0.17 வாட்-மணி ஆகும். முழு பேட்டரியில் இது 1 சதவீதம்கூட இல்லை.

மூன்று நான்கு ஆண்டு பழகிய பேட்டரி தன் கொள்ளளவில் 60 சதவீதத்துக்கு இறங்கியிருந்தாலும், அதே அழைப்பு எடுத்துக்கொள்வது ஒன்றரை சதவீதம். பொது அவசர எண்ணான 112-க்கோ 108-க்கோ இடத்தையும் நிலைமையையும் தெளிவாகச் சொல்லி முடிக்க 2 நிமிடம் போதும்.

திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து வீடியோ எடுத்தாலோ நேரலை போட்டாலோ போன் 4 வாட் வரை இழுக்கும். 45 நிமிடத்தில் 3 வாட்-மணி, அதாவது 16 சதவீதம் போய்விடும். சார்ஜ் குறைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு எதைச் செய்வது, எதை விடுவது என்பதற்கு இந்த ஒப்பீடே போதும்.

112-ஐ அழுத்தியதும் போன் செய்யும் வேலைகள்

அவசர எண் என்று தெரிந்ததும் போன் நான்கு வேலைகளைக் கூடுதலாகச் செய்கிறது.

முதலாவது, டவர். உங்கள் சிம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டால், அருகில் கிடைக்கும் வேறொரு நிறுவனத்தின் டவர் வழியாக அழைப்பை அனுப்ப முயலும். திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று வருவதன் பொருள் இதுதான். அப்படி வந்தால் போன் செத்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். 112-ஐ அழைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இடம். லொகேஷனை நீங்கள் அணைத்து வைத்திருந்தாலும், ஆண்ட்ராய்டு போனும் ஐபோனும் அவசர அழைப்பின்போது அதை எழுப்பிக்கொள்ளக் கூடியவை. ஜிபிஎஸ் சில நிமிடம் ஓடுவதால் ஆகும் செலவு சொற்பம். ஆனால் அந்த இடக்குறிப்பு கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்வது அங்குள்ள ஏற்பாட்டைப் பொறுத்தது. அதை நம்பி வாயால் இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, ஏரோப்ளேன் மோட். அதில் இருந்தாலும் 112-ஐ அழைத்தால் பெரும்பாலான போன்கள் தாமாகவே அதிலிருந்து வெளியே வந்துவிடும். பேட்டரி சேவர் அழைப்பைத் தடுப்பதில்லை.

நான்காவது, காத்திருப்பு. சில போன்கள் அழைப்பு முடிந்த பின்பும் சில நிமிடம் கட்டுப்பாட்டு அறையின் மறு அழைப்புக்காகத் தயார் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் இன்டர்நெட் வேலை செய்யாமல் போகலாம். போன் பழுதாகிவிட்டது என்று அணைத்துப் போட வேண்டாம்.

இந்தியாவில் விற்கப்படும் போன்களில் அவசரப் பொத்தான் 2017 ஜனவரி 1 முதலும், ஜிபிஎஸ் 2018 ஜனவரி 1 முதலும் கட்டாயம் என்று தொலைத்தொடர்புத் துறை 2016-இல் விதி செய்தது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்தலாம்; சில மாடல்களில் ஐந்து முறை. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் போன் எந்த வகை என்று செட்டிங்ஸில் இன்றே பார்த்து வையுங்கள்.

பேட்டரியைத் தீர்ப்பது சிக்னல் தேடல்

காலையில் 100 சதவீதத்தோடு ஷெட்டுக்குள் போன போன், ஒருமுறைகூட எடுத்துப் பார்க்காமலே மாலையில் 40-க்கு வந்து நிற்கும். தகரமும் இரும்புத் தூண்களும் ரேடியோ அலையைத் தடுக்கின்றன. டவரோடு தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க போன் தன் சக்தியை உயர்த்துகிறது; தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடுகிறது; கிடைத்ததும் பதிவு செய்துகொள்கிறது; மறுபடி இழக்கிறது. ஷிப்ட் முழுவதும் இதே வேலைதான்.

4ஜி போனின் உச்ச அனுப்பு சக்தி 0.2 வாட். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி-யில் அது விட்டு விட்டு வரும் துடிப்புகளாக 2 வாட் வரை போகும். டவர் பக்கத்தில் இருந்தால் இதில் நூறில் ஒரு பங்கே போதும். ஒரே போன், ஒரே பேச்சு, ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று பேசுவதற்கும் ஷெட்டின் நடுவில் நின்று பேசுவதற்கும் செலவு வேறு வேறு.

இதற்கு எளிய வழிகள் உண்டு.

• ஷெட்டுக்குள் 5ஜி வந்து வந்து போகிறதென்றால், நெட்வொர்க் செட்டிங்ஸில் 4ஜி-யைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவுவது நிற்கும்.

• அலுவலக அறையில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங் வசதியைப் போட்டு வையுங்கள். சாதாரண அழைப்புகளுக்கு அது சார்ஜை மிச்சப்படுத்தும்.

• சிக்னலே இல்லாத பாதாள அறையிலோ கிடங்கிலோ நெடுநேரம் வேலை என்றால், போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். நீங்கள் அங்கே இருப்பது சூப்பர்வைசருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

• ஷெட்டில் சிக்னல் எந்த மூலையில் நன்றாகக் கிடைக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, அந்த இடத்தை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஆபத்தில் ஓட வேண்டிய இடம் அது.

ஆரம்பாக்கம், எளாவூர், ஊத்துக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லையோரத்தில் போன் ஆந்திரப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அவசர அழைப்பு எந்த டவர் வழியாகப் போகிறதோ, அதைப் பொறுத்தே எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு என்பது அமையும். மறுமுனையில் தெலுங்கு கேட்டால் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். “தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகா” என்பதுபோல் உங்கள் இடத்தை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

அழைப்புக்குப் பிறகு ஓடிக்கொண்டே இருப்பவை

நீங்கள் போனைக் காதிலிருந்து எடுத்த பின்பும் சில வேலைகள் பின்னணியில் தொடரும். ஐபோனில் எஸ்ஓஎஸ் வசதி வழியே அழைத்தால், அழைப்பு முடிந்ததும் உங்கள் அவசரத் தொடர்பு எண்களுக்கு இடக்குறிப்போடு செய்தி போகும். நீங்கள் இடம் மாறினால் புதிய இடமும் போகும். இந்தப் பகிர்வை நிறுத்தச் சொல்லும் நினைவூட்டல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரம் வரை வரும். சில ஆண்ட்ராய்டு போன்களின் எஸ்ஓஎஸ் வசதி, நீங்கள் அனுமதித்திருந்தால், 45 நிமிடம் வரை வீடியோ பதிவு செய்து இணையத்தில் ஏற்றும்.

இவற்றைக் குறை சொல்ல முடியாது. இரவு ஷிப்ட் முடித்துத் தனியே போகும் பெண்ணை யாராவது பின்தொடர்ந்தால், அந்த 16 சதவீதத்தைவிட அந்த வீடியோ முக்கியம். அப்போது அது ஓடட்டும். ஷெட்டில் ஒருவருக்கு அடிபட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது வீடியோ தேவையில்லை. செட்டிங்ஸில் ‘பாதுகாப்பும் அவசரமும்’ பகுதிக்குப் போய், உங்கள் போனில் எவையெல்லாம் தாமாக ஓடும் என்று பாருங்கள். வேண்டாததை அணையுங்கள். ஆபத்து தீர்ந்ததும் லொகேஷன் பகிர்வை நிறுத்த மறக்காதீர்கள். மறந்தால் அது இரவெல்லாம் ஓடும்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு விதி உண்டு. 108-ஐ அழைத்தவரின் எண்ணுக்குத்தான் ஆம்புலன்ஸின் ஓட்டுநரோ மருத்துவ உதவியாளரோ வழி கேட்டுத் திரும்ப அழைப்பார். அந்த எண் பிசியாக இருந்தால் வண்டி சிப்காட்டின் தெருக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே அழைத்த போன் அந்த மறு அழைப்பு வரும் முன் அணையக் கூடாது, வேறு பேச்சில் மாட்டியிருக்கவும் கூடாது. வீட்டுக்கும் முதலாளிக்கும் தகவல் சொல்வதை வேறொருவர் தன் போனில் செய்யட்டும்.

இந்த வட்டாரம் கண்டவை

2024 அக்டோபர் 11 இரவு 8.30 மணியளவில், மைசூருவிலிருந்து தர்பங்கா போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டை நிலையத்தில் மெயின் லைனில் போவதற்குப் பதிலாக லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பிடித்தது. பலர் காயமடைந்தனர், உயிரிழப்பு ஏற்படவில்லை. இரவில் கவிழ்ந்த பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு போன்தான் விளக்கு, போன்தான் குரல். இரண்டையும் ஒரே போன் செய்தால் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். நாலு பேர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் போன் அழைப்புக்கு மட்டும். இன்னொருவர் போன் வெளிச்சத்துக்கு. மற்றவர்கள் பேட்டரி சேவரில் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளட்டும். அவசரத்தில் இதைவிடப் பயன் தரும் ஏற்பாடு இல்லை.

2025 ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் திருவள்ளூர் அருகே தடம் புரண்டு தீப்பிடித்தது. அருகில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சென்னை–அரக்கோணம் தடத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. இப்படி வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும்போது எடுக்க வேண்டியவை போன், சார்ஜர், பவர் பேங்க், மாத்திரைச் சீட்டு. தீயை வீடியோ எடுத்தபடி நின்றால் ஆபத்தும் நெருங்கும், சார்ஜும் தீரும். எங்கே தங்க வைக்கப் போகிறார்கள், எப்போது திரும்பலாம் என்ற தகவல் அந்த போனுக்குத்தான் வர வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன, போன் சேவை முடங்கியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழையிலும் அதே துன்பத்தைப் பார்த்தோம். டவருக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் டவரின் பேட்டரியும் ஜெனரேட்டரும் சில மணி நேரம் தாங்கும். டீசல் கொண்டுபோக முடியாத வெள்ளத்தில் அதுவும் நிற்கும். ஒரு டவர் நின்றால் பக்கத்து டவரைத் தேடி எல்லா போன்களும் சக்தியை உயர்த்தும். கரண்ட் இல்லாத, சார்ஜ் போட வழியில்லாத அதே நேரத்தில்தான் போன் அதிகமாக இழுக்கிறது. புயலின்போது போனை ஒரு நாளுக்கல்ல, மூன்று நாளுக்குத் திட்டமிட வேண்டும். தேவையில்லாத நேரத்தில் ஏரோப்ளேன் மோடில் வைத்து, மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் மட்டும் திறந்து செய்தி பாருங்கள். வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றை முழுதாக அணைத்து வையுங்கள். நெரிசலில் அழைப்பு போகாதபோதும் எஸ்எம்எஸ் போய்ச் சேரலாம். “நலமாக இருக்கிறோம், பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம்” என்று வீட்டாருக்கு ஒரு வரி அனுப்பினால், அவர்கள் ஓயாமல் அழைப்பதும் நிற்கும்.

சூடும் பழைய பேட்டரியும்

10 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பேசும்போதே பட்டென்று அணைந்துபோன அனுபவம் பலருக்கு உண்டு. அதனால்தான் சார்ஜ் குறைந்தால் அழைக்கவே பயப்படுகிறார்கள். இதற்குக் காரணம் அழைப்பு அல்ல, முதிர்ந்த பேட்டரி. பழைய லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடிவிடும். சிக்னல் மோசமான இடத்தில் போன் சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் சரியும். தன்னைக் காத்துக்கொள்ள போன் அணைந்துவிடும். இப்படி அணைவதைத் தடுக்கவே பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பேட்டரியை முதிர வைப்பதில் முன்னால் நிற்பது சூடு. 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தவே ஐபோன்கள் வடிவமைக்கப்பட்டவை. கோடையில் மாநிலத்தின் அதிக வெப்பம் பதிவாகும் இடங்களின் பட்டியலில் நம் மாவட்டத்துத் திருத்தணி அடிக்கடி இடம்பெறுகிறது. கத்திரி வெயிலில் பைக்கின் டேங்க் கவரில் வைத்த போனும், ஃபர்னஸ் பக்கத்தில் சட்டைப் பையில் இருந்த போனும் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

• ஃபர்னஸ், ரோலிங் மில், ஃபோர்ஜிங் வேலையில் இருப்பவர்கள் போனை லாக்கரிலோ நிழலான இடத்திலோ வையுங்கள். ஆபத்துக்கு அழைக்க அந்தப் பகுதியில் பொதுவான ஒரு போன் இருக்க வேண்டும்.

• சூடேறிய போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். ஆறட்டும்.

• தினமும் 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருந்தால் பேட்டரி நெடுநாள் வரும். புயல் எச்சரிக்கை வந்தால் 100 வரை ஏற்றுங்கள்.

• 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே போன் அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மாற்றுவது நல்லது. உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள்.

சார்ஜ் குறைவாக உள்ளபோது அழைக்கும் முறை

1. எரிவாயு, தின்னர், பெட்ரோலிய வாடை அடித்தால் முதலில் காற்று வரும் திசையாகப் பார்த்து வெளியேறுங்கள். அந்த இடத்தில் போனைத் தொட வேண்டாம்.

2. திறந்த வெளிக்கு, அல்லது சிக்னல் நன்றாக உள்ள இடத்துக்கு வந்து 112 அல்லது 108-ஐ அழையுங்கள். இதற்கு முன் வேறு யாரையும் அழைக்காதீர்கள்.

3. இடத்தை முதலில் சொல்லுங்கள். அழைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்ப அது வேண்டும். “கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்ன கம்பெனி, இன்ன தெரு, இரண்டாவது கேட். ஒருவருக்குக் கரண்ட் அடித்துவிட்டது. நினைவு இல்லை, மூச்சு இருக்கிறது.”

4. அடுத்த வரி: “என் போனில் சார்ஜ் குறைவு. இன்னொரு நம்பர் எழுதிக்கொள்ளுங்கள்.” செக்யூரிட்டி அறையின் எண்ணையோ பக்கத்தில் நிற்பவரின் எண்ணையோ கொடுங்கள். இந்த ஒரு வரி சொல்லிவிட்டால் உங்கள் போன் அணைந்தாலும் உதவி நிற்காது.

5. அவர்கள் வைக்கச் சொல்லும் வரை வைக்காதீர்கள். முதலுதவி சொல்லித் தருவார்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கையால் வேலை செய்யுங்கள்.

6. முடிந்ததும் பேட்டரி சேவரைப் போடுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், மொபைல் டேட்டா, ஹாட்ஸ்பாட், புளூடூத் மூன்றையும் அணையுங்கள். ரிங் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். மறு அழைப்புக்குக் காத்திருக்கும் வரை ஏரோப்ளேன் மோட் போட வேண்டாம்.

7. ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி வண்டிக்கு வழி காட்டச் செய்யுங்கள். உங்கள் போன் பேச வேண்டிய பாதிப் பேச்சு அதனால் குறையும்.

ஷிப்டுக்குக் கிளம்பும் முன்

குறைந்தது 50 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி சேவர் 20 சதவீதத்தில் தானாக வரும்படி வையுங்கள். மனைவி அல்லது அப்பா, சூப்பர்வைசர், அறைத் தோழர் ஆகியோரின் எண்களை அவசரத் தொடர்பில் சேருங்கள். அதே எண்களை ஒரு சீட்டில் எழுதி ஐடி கார்டுக்குப் பின்னால் வையுங்கள். போன் அணைந்தால் எண்ணும் சேர்ந்தே போய்விடும்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை ஒரு முறை முழுதாகவும் கொஞ்சம் கூடவும் ஏற்றும். இரண்டு முறை ஏறாது; மின்னழுத்தத்தை மாற்றுவதில் ஒரு பங்கு வீணாகும். பிஐஎஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை அதையும் சார்ஜ் செய்யுங்கள்.

பழைய பட்டன் போன் ஒன்றை அவசரத்துக்கு வைத்திருப்பது நல்ல யோசனை. சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. ஜியோ சிம்மை 2ஜி பட்டன் போனில் போட்டால் வேலை செய்யாது. அதற்கு 4ஜி பட்டன் போனோ வேறு நிறுவன சிம்மோ தேவை. சிம் இல்லாத போனை அவசரத்துக்கு நம்பி இருக்காதீர்கள்.

டவர் வழியாக நேரடியாக வரும் பேரிடர் எச்சரிக்கைச் செய்தியை அணைத்து வைக்க வேண்டாம். அதிர்வோடும் அலறும் ஓசையோடும் வருவதால் அது சார்ஜைத் தின்னும் என்று சிலர் அணைத்துவிடுகிறார்கள். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆகும் செலவும் கணக்கில் வராது.

நிறுவனங்களுக்கு

தொழிலாளியின் போனை கேட்டில் வாங்கி வைக்கும் நிறுவனம், உள்ளே அவர் உதவி கேட்க வேறு வழியைக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ஷெட்டிலும் வயர் வழி இன்டர்காம், கேட்டில் எப்போதும் சார்ஜில் இருக்கும் ஒரு பொதுப் போன், ஜெனரேட்டர் இணைப்புள்ள சார்ஜிங் இடம் ஆகிய மூன்றும் பெரிய செலவல்ல.

நிறுவனத்தின் முழு முகவரி, பிளாட் எண், கேட் எண், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். தமிழில் மட்டும் இருந்தால் போதாது. பீகார், ஒடிசா தொழிலாளர்கள் இங்கே ஏராளம். இந்தியிலும் ஒடியாவிலும் அந்தப் பலகை இருக்க வேண்டும். இடத்தைச் சொல்லத் தெரியாமல் நீளும் அழைப்பில் சார்ஜும் போகிறது, நேரமும் போகிறது.

தவறிப்போய் அழைப்பு போய்விட்டால்

பைக்குள் பட்டன் அழுந்தி 112-க்குப் போய்விடுவது உண்டு. அப்போது பயந்து துண்டிக்காதீர்கள். “தவறுதலாக வந்துவிட்டது, ஆபத்து எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டு வையுங்கள். சொல்லாமல் துண்டித்தால் அவர்கள் திரும்ப அழைப்பார்கள். உண்மையிலேயே உதவி வேண்டிய ஒருவரின் நேரம் வீணாகும். அடிக்கடி இப்படி நடந்தால் போன் கவர் பட்டனை அழுத்துகிறதா என்று பாருங்கள். அந்த வசதியை அடியோடு அணைத்துவிட வேண்டாம்.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள்

112 – காவல், தீயணைப்பு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் பொது எண்
108 – ஆம்புலன்ஸ்; தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்குகிறது
101 – தீயணைப்பு
1077 – மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை
1070 – மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை
139 – ரயில்வே
1033 – தேசிய நெடுஞ்சாலை
181 – பெண்கள் உதவி
1098 – குழந்தைகள் உதவி
1554 – கடலோரக் காவல் படை, பழவேற்காடு மீனவர்களுக்கு

பேட்டரியைச் சேமிப்பதே அவசரத்தில் அதைச் செலவழிக்கத்தான். ஆபத்து கண்ணெதிரே நிற்கும்போது சார்ஜ் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். முதல் அழைப்பு 112-க்கோ 108-க்கோ போகட்டும். முதல் சொல் இடத்தின் பெயராக இருக்கட்டும். உங்கள் போன் அணைந்தால் அழைக்க இன்னொரு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இந்த மூன்றையும் இன்றைய ஷிப்டில் உங்களோடு வேலை செய்பவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.